நாயின் மனத்தைப் படித்த பாவ்லோவ்

1924-ம் ஆண்டு செப்டம்பர் 23-ந் தேதி. ரஷிய நாட்டின் லெனின்கிராடு நகரில் பெரும் புயல் அடித்தது. கடல் காற்று நேவா நதியின் தண்ணீரைத் திருப்பி ஊருக்குள்ளேயே தள்ளியது. தெருக்கள் எல்லாம் ஆறுகள் ஆயின. மரங்கள் முறிந்து விழுந்தன.

அந்த நகரில் ஒரு பெரிய ஆராய்ச்சிச் சாலை இருந்தது. அதைச் சேர்ந்த நாய்களுக்குத் தனியாகக் கொட்டகை உண்டு. கொட்டகைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. ஊழியர்கள் ஓடி வந்தார்கள். நாய்களைச் சிறு சிறு கூட்டமாகத் தண்ணீரில் நீந்த வைத்து, பெரிய கட்டடத்துக்குக் கொண்டு வந்து சேர்த்தார்கள். எல்லா நாய்களையும் ஒரே இடத்தில் அடைத்து வைத்தார்கள்.

அப்போது ஓர் அதிசயம் நடந்தது. சாதாரணமாக அந்த நாய்களை ஒன்றாக விட்டால் சண்டை வரும், உறுமல் கேட்கும். அன்று ஒரு நாயும் உறுமவில்லை. ஒன்றை ஒன்று கடிக்கவில்லை. எல்லாம் ஒட்டிக்கொண்டு ஊமை போல நின்றன.

மற்றவர்கள் பார்த்தால் நாய்கள் சமாதானமாகிவிட்டன என்று நினைத்திருப்பார்கள். அந்த ஆராய்ச்சிச் சாலையின் தலைவர் அப்படி நினைக்கவில்லை. அது அமைதி இல்லை, அளவு கடந்த பயம் என்று அவர் கண்டுகொண்டார். அவர் பெயர் இவான் பாவ்லோவ். அப்போது அவருக்கு வயது 74.

அந்த நாய்களுக்கும், விழுப்புரம் மாவட்டம் மேல்மலையனூரில் ஒரு வீட்டுக்குப் புதிதாக வந்து சேர்ந்த நாய்க்கும் சம்பந்தம் உண்டு. தெருவில் வேறு நாயைக் கண்டதும் குரைத்துக் குதிக்கும் நாயையும், நடுங்கி ஒடுங்கும் நாயையும் எப்படிச் சாந்தப்படுத்துவது என்பதற்கு, பாவ்லோவின் வாழ்க்கையில்தான் விடை இருக்கிறது.

பாதிரியார் மகன்

பாவ்லோவ் 1849-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந் தேதி, ரஷியாவில் உள்ள ரியாசான் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் கிறிஸ்தவ ஆலயத்தில் பாதிரியார். வீட்டில் பிள்ளைகள் அதிகம். பாவ்லோவ்தான் மூத்தவர்.

சிறு வயதில் உயரமான இடத்தில் ஏறி ஆப்பிள் பழங்களைக் காயப்போட்டுக் கொண்டிருந்தவர், தவறிக் கல் தரையில் விழுந்துவிட்டார். பலத்த அடி. வெகு காலம் உடம்பு தேறவில்லை. அதனால் 11-வது வயதில்தான் பள்ளிக்கூடம் போனார். வீட்டில் தகப்பனார் அவருக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுக் கொடுத்தார். எந்த நல்ல புத்தகத்தையும் இரண்டு தடவை படிக்க வேண்டும் என்பதே அது. தாமதமாகப் பள்ளிக்கூடம் போனதால் அவர் ஒன்றும் குறைந்து போகவில்லை.

மகனும் பாதிரியார் ஆக வேண்டும் என்பது குடும்பத்தின் எண்ணம். அதற்கான பள்ளியில்தான் படித்தார். ஆனால் உடல் எப்படி வேலை செய்கிறது, மூளை எப்படி நினைக்கிறது என்று சொல்லும் புத்தகங்கள் அவர் கைக்குக் கிடைத்தன. செச்செனோவ் என்ற ரஷிய டாக்டர் மூளையைப் பற்றி எழுதிய புத்தகம் அவரைப் பிடித்துக்கொண்டது. 1870-ல் பாதிரியார் படிப்பை விட்டுவிட்டு, தலைநகரான செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போய் சர்வகலாசாலையில் சேர்ந்தார். (அந்த நகரம்தான் 1924-ல் லெனின்கிராடு ஆயிற்று. 1991-ல் பழைய பெயரே திரும்பி வந்துவிட்டது.)

பிறகு டாக்டர் பட்டமும் பெற்றார். 1881-ல் செராபிமா என்ற பெண்ணை மணந்தார். அடுத்த பத்து ஆண்டுகள் பெரிய கஷ்டம். வீட்டில் பணம் இல்லை. முதல் குழந்தை இறந்து போயிற்று. கணவரின் வறுமையைப் பார்த்த மாணவர்கள், சொற்பொழிவுக்குக் கட்டணம் என்று சொல்லிப் பணம் சேர்த்துக் கொடுத்தார்களாம். அவரோ அந்தப் பணத்துக்கும் பரிசோதனைக்கு நாய்களையே வாங்கி வந்தாராம். அந்த அம்மாள் எப்படிப் பொறுத்துக் கொண்டாரோ!

1890-ல் ராணுவ மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் வேலை கிடைத்தது. அடுத்த ஆண்டே புதிய ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு பகுதி அவர் பொறுப்புக்கு வந்தது. கஷ்டம் தீர்ந்தது.

சாப்பிடும் முன்பே ஊறிய எச்சில்

அவர் முதலில் ஆராய்ந்தது ஜீரணத்தை. சாப்பாடு வயிற்றில் எப்படிச் செரிக்கிறது என்று அறிய நாய்களுக்கு நுட்பமான அறுவை செய்தார். மயக்க மருந்து கொடுத்து, மனிதனுக்குச் செய்வது போலச் சுத்தமாகச் செய்து, காயம் ஆறிய பிறகே சோதித்தார். ஆனாலும் அந்த நாய்கள் துன்பப்படவில்லை என்று சொல்ல முடியாது. பல நாய்கள் உயிரை இழந்தன. இன்றைக்கு அப்படிப்பட்ட சோதனைகளுக்கு எளிதில் அனுமதி கிடைக்காது. மனிதனுக்குக் கிடைத்த அறிவுக்கு விலை கொடுத்தவை அந்த நாய்களே.

இந்த ஆராய்ச்சிக்காக 1904-ல் நோபல் பரிசு கிடைத்தது. நோபல் பரிசு பெற்ற முதல் ரஷியர் அவரே.

ஆனால் உலகம் இன்று அவரை நினைப்பது ஜீரணத்துக்காக அல்ல. எச்சிலுக்காக.

சாப்பாடு வாயில் பட்டால் எச்சில் ஊறும். இது எல்லோருக்கும் தெரியும். பாவ்லோவின் நாய்களுக்கோ, சாப்பாடு கொண்டு வருபவரின் காலடிச் சத்தம் கேட்டாலே எச்சில் ஊறியது. காலி பாத்திரத்தைக் கண்டாலும் ஊறியது. வேறொருவர் என்றால் இதைத் தொல்லை என்று தள்ளியிருப்பார். பாவ்லோவ் இதையே பிடித்துக்கொண்டார். மீதி வாழ்நாள் முழுவதும், 30 ஆண்டுகளுக்கு மேல், இதையே ஆராய்ந்தார்.

பாட்டு பயில்பவர்கள் தாளம் பிடிக்க வைத்திருக்கும் டிக், டிக் கருவியை ஓடவிடுவார். உடனே நாய்க்கு இறைச்சிப் பொடி கொடுப்பார். சில தடவை இப்படிச் செய்த பிறகு, டிக், டிக் சத்தம் மட்டும் கேட்டாலே நாய்க்கு எச்சில் ஊறும். மணி, விளக்கு, தோலைத் தடவுவது என்று எதை வைத்தும் இதைப் பழக்கலாம். எத்தனை சொட்டு எச்சில் வந்தது என்று எண்ணிக் குறித்துக்கொள்வார். நாயின் மனத்தை அளக்க அவர் கண்ட அளவுகோல் இந்தச் சொட்டுகளே.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. முதலில் சத்தம், பிறகு சாப்பாடு. இந்த வரிசை மாறினால் பாடம் சரியாகப் பதியாது. சாப்பாட்டைக் கொடுத்துவிட்டுப் பிறகு சத்தம் எழுப்பினால், அந்தச் சத்தம் நாய்க்கு எதையும் அறிவிப்பதில்லை. பாடம் பதிந்த பிறகும், பல தடவை வெறும் சத்தத்தோடு நிறுத்தி ஏமாற்றினால் எச்சில் குறைந்து கொண்டே போய் நின்றுவிடும்.

வலியே விருந்தானது

1912-ம் ஆண்டு வாக்கில், பாவ்லோவிடம் வேலை பார்த்த எரோபீவா என்ற பெண் ஆராய்ச்சியாளர் ஒரு சோதனை நடத்தினார். நாயின் தோலில் லேசாக மின்சாரம் பாய்ச்சினார். நாய் துடித்தது. உடனே உணவு கொடுத்தார். திரும்பத் திரும்ப இப்படியே செய்தார். மின்சாரத்தை மிக மெல்லத்தான் கூட்டினார். கடைசியில் மின்சாரம் பட்டால் நாய் துள்ளவில்லை, உறுமவில்லை. வாலை ஆட்டிக்கொண்டு, எச்சில் ஒழுக, சாப்பாடு வரும் பக்கம் திரும்பிப் பார்த்தது!

கேட்கவே சங்கடமான சோதனைதான். ஆனால் அதில் கிடைத்த செய்தி பெரிது. பயத்தைக் கொடுத்த அதே பொருள், உணவை அறிவிக்கும் மணியாக மாற முடியும். பயந்த பிராணியின் மனத்தை அடித்துத் திருத்த வேண்டியதில்லை. வேறு வழி இருக்கிறது.

அதே சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. பழகிய ஓர் இடத்தை விட்டு, தோலில் புதுப்புது இடங்களில் மின்சாரத்தை வைத்தபோது, ஒரு கட்டத்தில் எல்லாம் கெட்டுப் போயிற்று. நாய் பழையபடி வெறி கொண்டு துள்ளியது. அவசரப்பட்டால் செய்த வேலையும் வீணாகும் என்பதற்கு இது சாட்சி.

மற்றொரு நாயின் கதையும் உண்டு. மனிதரிடம் மிகவும் பிரியமாக இருக்கும். ஆனால் சோதனை மேடையில் வாரால் கட்டினால் நிற்காது. திமிறும், கடிக்கும், மூச்சு இரைக்கும், எச்சிலைக் கொட்டும். மாதக்கணக்கில் முயன்றும் பயனில்லை. கடைசியில் பாவ்லோவ் ஓர் ஏற்பாடு செய்தார். அந்த நாய்க்கு உணவு எல்லாம் மேடையில் மட்டுமே கிடைக்கும். முதலில் நாய் சரியாகச் சாப்பிடவில்லை, இளைத்துப் போயிற்று. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடத் தொடங்கியது. சில மாதங்களில் மேடையில் அமைதியாக நின்றது. இந்தக் கதையை 1917-ல் பாவ்லோவ் வெளியிட்டார்.

புரட்சியும் பஞ்சமும்

அதே 1917-ல் ரஷியாவில் புரட்சி நடந்தது. பிறகு உள்நாட்டுப் போர், பஞ்சம். மனிதர்களுக்கே ரொட்டி இல்லாதபோது நாய்களுக்கு எங்கே போவது? ஆராய்ச்சி நாய்கள் பட்டினியால் செத்தன. எரிக்க விறகு இல்லை; விளக்கு இல்லை. பாவ்லோவ் ஒரு துண்டு நிலத்தில் தாமே காய்கறி பயிரிட்டார். 1921 ஜனவரியில் லெனின் தனி உத்தரவு போட்டு அவருடைய ஆராய்ச்சிக்கு வசதி செய்து கொடுத்தார். அதற்காகப் பாவ்லோவ் வாயை மூடிக்கொள்ளவில்லை. அரசாங்கத்தின் கொடுமைகளை வெளிப்படையாகக் கண்டித்தார்.

மூன்று ஆண்டுகள் கழித்து அந்த வெள்ளம் வந்தது.

கூடவே உட்கார்ந்த மனிதர்

வெள்ளம் வடிந்தது. நாய்கள் பழைய கொட்டகைக்குத் திரும்பின. சில நாய்கள் ஒன்றும் நடக்காதது போலத் தேறிக்கொண்டன. சில நாய்கள் மாறிப் போயின. அவற்றில் ஒரு நாயைப் பாவ்லோவும் அவருடைய உதவியாளர் ஸ்பெரான்ஸ்கியும் கவனித்தார்கள். நன்றாகப் பழகியிருந்த நாய் அது. இப்போது சத்தம் கேட்டால் எச்சில் வரவில்லை. மேடையில் உணவு வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. வெள்ளம் போய்விட்டது, பயம் போகவில்லை.

வழக்கமாகச் சோதனை செய்பவர் அடுத்த அறையில் இருப்பார். நாய் தனியாக நிற்கும். இப்போது அவரை நாயின் அறைக்குள்ளேயே உட்காரச் சொன்னார்கள். அவர் எதுவும் செய்யவில்லை. பேசாமல் கூட இருந்தார். நாய் சாப்பிட்டது. எச்சிலும் வந்தது. அவர் வெளியே போனால் பழைய கதைதான். பிறகு அவருடைய துணியை மட்டும் நாயின் கண்ணுக்குத் தெரியாமல் அறையில் வைத்துப் பார்த்தார்கள். அந்த வாசனையே நாய்க்கு ஓரளவு தைரியம் கொடுத்தது!

நாளடைவில் நாய் தேறியது. ஆனால் முற்றிலும் மறந்துவிட்டதா? சோதிப்பதற்காகக் கதவுக்கு அடியில் சிறிது தண்ணீரைச் சத்தமில்லாமல் உள்ளே ஓடவிட்டார்கள். அவ்வளவுதான். நாய் துள்ளி எழுந்து நடுங்கியது. கற்றது எல்லாம் மறுபடி காணாமல் போயிற்று. அதைத் திரும்பக் கொண்டுவரப் பாடுபட வேண்டியிருந்தது.

எல்லா நாய்க்கும் ஒரே சுபாவம் இல்லை என்பதைப் பாவ்லோவ் இப்படித்தான் உறுதி செய்துகொண்டார். படபடப்பான நாய், சுறுசுறுப்பான நாய், நிதானமான நாய், பலவீன மனம் கொண்ட நாய் என்று நான்கு வகையாகப் பிரித்தார்.

முயலும் மிட்டாயும்

அதே 1924-ம் ஆண்டு, அமெரிக்காவில் நியூயார்க் நகரில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற இளம்பெண் ஒரு கட்டுரை வெளியிட்டார். மூன்று வயதுகூட நிரம்பாத ஒரு சிறுவன் முயலைக் கண்டால் அலறுவான். பாவ்லோவின் கருத்துகளை அமெரிக்காவில் பரப்பிய வாட்சன் என்ற முன்னாள் பேராசிரியர் அந்தப் பெண்ணுக்கு ஆலோசனை சொன்னார். சிறுவனை உட்கார வைத்து அவனுக்குப் பிரியமான தின்பண்டம் கொடுத்தார்கள். அறையின் தூரத்து மூலையில் கூண்டில் முயல். அவன் சாப்பிடுவதை நிறுத்தாத அளவுக்குத்தான் முயலை நெருங்க விட்டார்கள். தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டு வந்தார்கள். கடைசியில் சிறுவன் முயலைத் தடவிக் கொடுத்தான். நடுவில் ஒரு நாள் பெரிய நாய் ஒன்று அவன் மேல் பாய வந்ததால் பழைய பயம் முழுவதும் திரும்பியதும் உண்டு. மறுபடி முதலிலிருந்துதான் தொடங்கினார்கள்.

பயப்படும் நாய்களைப் பழக்குபவர்கள் இன்று உலகெங்கும் கையாளும் முறை இதுவே. பாவ்லோவின் வரிசையும், மேரியின் தூரமும் சேர்ந்தது.

மேல்மலையனூர்த் தெருவில்

மேல்மலையனூரை எடுத்துக்கொள்வோம். அங்காளபரமேஸ்வரி கோயில் உள்ள ஊர். அமாவாசை இரவில் ஊஞ்சல் உற்சவத்துக்கு எங்கெங்கிருந்தோ பஸ்களில் ஜனங்கள் வந்து குவிவார்கள். சாப்பாட்டுக் கடைகளைச் சுற்றித் தெரு நாய்கள் திரியும். ஒவ்வொரு நாய்க்கும் ஓர் எல்லை உண்டு. அப்படிப்பட்ட ஊரில் புதிதாக வந்த வீட்டு நாய் வாசலைத் தாண்டினால், அதற்கு அது வெள்ளம் புகுந்த கொட்டகை போலத்தான்.

வளர்ப்பவர் என்ன செய்கிறார்? எதிரே நாய் வந்ததும் சங்கிலியைச் சுண்டி இழுக்கிறார். அதட்டுகிறார். குச்சியால் ஒன்று போடுகிறார். பாவ்லோவின் கணக்குப்படி பார்த்தால் நாய் அப்போது என்ன படிக்கிறது? வேறு நாய் கண்ணில் பட்டால் கழுத்தில் வலி வரும் என்று படிக்கிறது. அடுத்த தடவை இன்னும் பலமாகக் குரைக்கிறது. அடி அதிகமானால் ஒரு நாள் குரைப்பதை நிறுத்திவிடும். வெள்ளத்தில் நின்ற நாய்களும் குரைக்கவில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஊமையாக நின்ற நாய் திடீரென்று கடித்துவிடுவது இப்படித்தான்.

வந்த முதல் சில நாட்கள் நாயை வெளியே இழுத்துப் போகாமல் இருப்பது நல்லது. கால்நடை மருத்துவரிடம் காட்டி வெறிநாய்க்கடி தடுப்பூசி போட்டுவிட வேண்டும். வீட்டில் ஒருவர் அதன் அருகே சும்மா உட்கார்ந்திருக்கலாம். அந்த மனிதரின் வாசனை அதற்குத் தைரியம் ஆகட்டும்.

பிறகு ஜன நடமாட்டம் குறைந்த விடியற்காலையில் கூட்டிப் போகலாம். வேக வைத்த ஈரலையோ எலும்பில்லாத கோழிக்கறியையோ புளியங்கொட்டை அளவு துண்டுகளாக நறுக்கி எடுத்துப் போக வேண்டும். உப்பும் மசாலாவும் வேண்டாம். தூரத்தில் ஒரு தெரு நாய் தெரிகிறது. வீட்டு நாய் அதைப் பார்க்கிறது, இன்னும் குரைக்கவில்லை. அந்த நிமிஷமே ஒரு துண்டு. தெரு நாய் கண்ணில் படும் வரையில் துண்டு துண்டாகக் கொடுக்க வேண்டும். அது மறைந்ததும் நிறுத்திவிட வேண்டும். முதலில் நாய் தெரிய வேண்டும். அதற்குப் பிறகுதான் உணவு. உணவைக் காட்டி அழைத்துப் போய் நாயின் எதிரில் நிறுத்துவது தலைகீழ்ப் பாடம்.

எவ்வளவு தூரம் என்று எப்படித் தெரியும்? பாவ்லோவ் சொட்டுகளை எண்ணினார். வீட்டில் அதற்குக் கருவி இல்லை. நாய் துண்டை வாங்கித் தின்றால் தூரம் சரி. பிரியமான ஈரலைக்கூடத் தொடாமல், உடம்பு விறைத்து, வாலை ஒடுக்கிக்கொண்டு நின்றால் மிகவும் நெருங்கிவிட்டோம் என்று அர்த்தம். பேசாமல் திரும்பி நடந்து தூரத்தைக் கூட்ட வேண்டியதுதான். கயிறு தளர்ந்தே இருக்கட்டும்.

சில நாட்களில் ஒரு மாறுதல் தெரியும். தெரு நாயைக் கண்டதும் வீட்டு நாய் குரைக்காமல், வளர்ப்பவர் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். எங்கே என் துண்டு என்பது அந்தப் பார்வை. சில நாய்க்கு இது ஒரு வாரத்தில் வரும். சில நாய்க்கு மாதங்கள் ஆகும். பிறகு ஓரிரு அடி நெருங்கலாம். ஒரு தெருவில் பழகியது அடுத்த தெருவில் வராது. அங்கே மறுபடி தூரத்திலிருந்தே ஆரம்பம். அமாவாசை அன்று நாயை வெளியே கூட்டிப் போவதை விட்டுவிடலாம். ஒரு மாத உழைப்பை ஓர் இரவுக் கூட்டம் கெடுத்துவிடும். ஏற்கெனவே கடித்து ரணப்படுத்திய நாய் என்றால், கால்நடை மருத்துவரின் யோசனை இல்லாமல் இதில் இறங்கக் கூடாது.

கடைசி ஆண்டுகள்

பாவ்லோவ் முதுமையிலும் ஓயவில்லை. லெனின்கிராடுக்கு அருகே கோல்துஷி என்ற கிராமத்தில் அவருக்காகப் பெரிய ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. 1935-ல் உலக உடலியல் விஞ்ஞானிகள் மாநாடு அந்த நாட்டில் கூடியபோது அவரே தலைமை வகித்தார். அதே ஆண்டில் அவருடைய மகன் ஒருவர் இறந்து போனார்.

அதே 1935-ல், பழைய ஆராய்ச்சி நிலையத்தின் தோட்டத்தில் ஒரு சிலை வைத்தார்கள். அரசர் சிலையும் இல்லை, தலைவர் சிலையும் இல்லை. ஒரு நாயின் சிலை. நாய்களுக்கு நன்றிக்கடனாகப் பாவ்லோவின் விருப்பப்படியே அது எழுந்தது.

1936-ம் ஆண்டு பிப்ரவரி 27-ந் தேதி, நிமோனியா காய்ச்சலால் அவர் காலமானார். வயது 86. நாயின் சிலை அந்தத் தோட்டத்தில் இன்றும் இருக்கிறது.